மணல் மேல் ஒரு வீடு

திருவான்மியூரில் கடைக்கால் தோண்டும் மேஸ்திரிக்கு முதலில் தட்டுப்படுவது மணல்தான். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். இரண்டுக்கும் நடுவே வடக்கு தெற்காக நீளும் மணல் பட்டையில்தான் கலாக்ஷேத்ரா காலனியும் வால்மீகி நகரும் கொட்டிவாக்கமும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இங்கிருந்து கோவளம் வரை போகும் இந்தப் பட்டையைத் தென்சென்னைக் கடலோர நீர்த்தாங்கி என்பார்கள் நிலத்தடி நீர் படித்தவர்கள். சென்னைக் குடிநீர் வாரியமே ஒருகாலத்தில் இதில் கிணறு வைத்துத் தண்ணீர் எடுத்தது.

பசுமை வாழ்க்கைக்கு வழி சொல்லும் புத்தகங்கள் பெரும்பாலும் மூங்கில் பல்துலக்கியில் ஆரம்பித்து, துணிப்பையில் முடித்துவிடும். இரண்டும் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு வீட்டால் பூமிக்கு ஏறும் சுமையில் இவற்றின் பங்கு மிகச் சிறியது. கிணறு, குப்பைக்கூடை, மின்கட்டண அட்டை ஆகிய மூன்றும்தான் கனமானவை. இந்த அத்தியாயம் கனத்தின் வரிசையில் போகிறது. துணிப்பைக்கும் இடம் உண்டு, கொஞ்சம் பின்னால்.

கிணற்றில் தொடங்கலாம்

மணலில் பெய்யும் மழை நிற்காமல் கீழே இறங்கும். கீழே கடலின் உப்புநீர் இருக்கிறது. நன்னீருக்கு எடை குறைவு என்பதால், எண்ணெய் தண்ணீர்மேல் மிதப்பதுபோல அது உப்புநீரின்மேல் மிதக்கும். நூறாண்டுக்கும் முன்பே ஐரோப்பியக் கடற்கரைகளில் கண்டறிந்த கணக்கு ஒன்று இதற்கு உண்டு. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஓரடி மேலே இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையே திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும்: மோட்டார் உறிஞ்சி மட்டம் ஓரடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பதடி ஏறிவர வழி கிடைத்துவிடுகிறது.

அதனால்தான் இந்தப் பட்டையில் ஆழ்குழாய் போட்டு இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று போனவர்களுக்கு உவர்ப்புதான் கிடைத்தது. பழைய வீடுகளின் உறைக்கிணறுகள் ஆழம் குறைந்தவை. மேலே மிதக்கும் நன்னீரை மட்டும் அவை எடுத்துக்கொண்டன. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அவற்றை மூடியவர்கள், தங்களுக்கு இருந்த நல்ல தண்ணீர்த் தொட்டியை மூடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மூடிய கிணறு இருக்கும் வீட்டில் செய்யவேண்டிய முதல் வேலை, அதைத் திறந்து, தூர்வாரி, மேலே கம்பி வலை போட்டு, மொட்டைமாடிக் குழாயை அதற்குள் திருப்புவது.

பெசன்ட் நகரில் வசிக்கும் இயற்பியலாளர் சேகர் ராகவன் 1990-களில் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னது இதைத்தான். அப்போது அவரைக் கேட்டவர்கள் குறைவு. 2002-ல் மந்தைவெளியில் மழை இல்லம் என்ற தகவல் மையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சட்டத்துக்குப் பயந்து அவசரத்தில் வைத்த குழாய்கள் பலவற்றுக்கு அடியில் இன்று இருப்பது சிமென்ட் தரை. சில கட்டடங்களில் குழாய் உண்டு, குழி இல்லை. சிலவற்றில் குழி உண்டு, அதில் இருபது வருஷத்துச் சேறு நிரம்பியிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த அலட்சியத்தின் விலை தெரியும். சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடி 93 சதுர மீட்டர். அதன்மேல் ஓராண்டில் விழுவது 1,30,000 லிட்டர். வழிந்தது, ஆவியானது எல்லாம் போக ஒரு லட்சம் லிட்டர் கையில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், 12,000 லிட்டர் லாரி எட்டு. கூப்பிடாமலே வாசலுக்கு வந்து, காசு கேட்காமலே போகும் எட்டு லாரிகள்.

வேலை பெரிதல்ல. ஐப்பசிக்குள், அதாவது வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், மொட்டைமாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை வைக்க வேண்டும். முதல் மழை மாடியைக் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே விட்டுவிடலாம். அடுத்த மழையிலிருந்து கூழாங்கல்லும் மணலும் போட்ட வடிகட்டி வழியாகத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ விடலாம். கிணறு இல்லாத அடுக்ககங்களில் மூன்றடி விட்டம், பத்துப் பதினைந்து அடி ஆழத்தில் ஓர் உறை இறக்கினால் போதும். மணல் பூமி என்பதால் தண்ணீர் கிடுகிடுவென இறங்கிவிடும். பலரும் மறப்பது வாசலைத்தான். வண்டி போகும் சிமென்ட் தளத்தில் விழும் மழை நேராகத் தெருவுக்கு ஓடுகிறது. கேட்டுக்குக் குறுக்கே ஒரு சிறிய வாய்க்கால் வெட்டி, மேலே கம்பித்தடுப்பு போட்டு, அந்தத் தண்ணீரையும் உறைக்குழிக்குள் தள்ளினால், தெருவில் தேங்குவதும் குறையும்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேகன்களில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். ஒரு கோடி மக்கள் இருக்கும் ஊருக்கு அது வாய் நனைக்கத்தான் காணும். அந்தக் கோடையில்தான் சென்னைக்காரர்கள் குழாய் முனையில் திருகும் சின்னச் சல்லடைக்கு அறிமுகமானார்கள். காற்றைக் கலந்து தண்ணீரைப் பூவாகக் கொட்டும் இந்தச் சல்லடை, நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் ஊற்றும் குழாயை மூன்று நான்கு லிட்டரில் நிறுத்தும். கை கழுவும் தொட்டிக்கும் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கும் இது அவசியம். வாளி நிரப்பும் குழாய்க்கு வேண்டாம், பொறுமைதான் சோதிக்கப்படும்.

இந்தப் பகுதிக்குக் குழாயில் வரும் தண்ணீரின் இன்னொரு மூலம் நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே 2013-ல் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கியது. 15 கோடி லிட்டர் திறனில் இன்னொன்று 2024-ல் சேர்ந்தது. கடல் வற்றாது என்பது நிம்மதிதான். ஆனால் ஆயிரம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். நான்கு பேர் இருக்கும் வீட்டின் அன்றாடத் தண்ணீரை உருவாக்க மட்டும் நாளுக்கு இரண்டு யூனிட் எங்கோ எரிகிறது என்று பொருள். கடலோரத்தில் குழாயை மூடுவதும் விளக்கை அணைப்பதும் ஒரே காரியம்.

அந்தத் தண்ணீரை வாங்கி ஆர்.ஓ. எந்திரத்தில் ஊற்றுவது அடுத்த கூத்து. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் குடிநீர் தர, ஏறத்தாழ மூன்று லிட்டரை வெளியே தள்ளும். முதலில் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ தண்ணீரைச் சோதிக்கலாம். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உப்பு இருந்தால், கிருமி நீக்கும் வடிகட்டியோ காய்ச்சுவதோ போதும், ஆர்.ஓ. வேண்டியதில்லை. ஆர்.ஓ. இருந்தே தீரவேண்டிய வீட்டில், கழிவுக்குழாயை ஒரு வாளிக்குள் விட்டால் தரை துடைக்கும் தண்ணீர் தயார்.

குளித்த தண்ணீர் வீண் என்று நினைப்பவர்களுக்காகவே சென்னையில் இந்துகாந்த் ரகடே என்ற வேதியியலாளர் ஒரு வழியைப் பிரபலப்படுத்தினார். குளியலறை நீரையும் துணி துவைத்த நீரையும் கல்வாழைப் பாத்தியில் விட்டால், வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள் சோப்பைத் தின்றுவிடும். வடிந்து இறங்கும் நீர் நிலத்தடிக்குப் போகும். கழிப்பறை நீரும் எண்ணெய்ப் பிசுக்கான சமையலறை நீரும் இதில் சேரக்கூடாது. தனி வீடுகளில் இதை ஒரு பிளம்பர் இரண்டு நாளில் செய்துவிடுவார். அடுக்ககங்களில் குளியலறைக் குழாயும் கழிப்பறைக் குழாயும் ஒன்றாக இறங்கினால் கஷ்டம். அங்கே துணி துவைக்கும் எந்திரத்தின் வெளியேற்றக் குழாயை மட்டும் தோட்டத்துக்குத் திருப்பலாம்.

பெருங்குடிக்குப் போகும் தேங்காய்நார்

திருவான்மியூர் மாநகராட்சியின் அடையாறு மண்டலத்தில் வருகிறது. இங்கே சேரும் கலந்த குப்பையின் முடிவிடம் பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு பரந்து கிடக்கும் 200 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், பள்ளிக்கரணைச் சதுப்பின் ஒரு பகுதி. அதே சதுப்பு 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு ஏப்ரல் 27-ல் கிடங்கு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது. பழைய குப்பை மேட்டைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது. அதற்குப் பெரும் பணம் செலவாகிறது. ஒரு பக்கம் தோண்டி எடுக்க, இன்னொரு பக்கம் தினமும் புதிதாகக் கொட்டினால் என்ன மிஞ்சும்?

குப்பை எரியக் காரணம் பெரும்பாலும் காய்கறித் தோல்தான் என்றால் நம்பக் கடினம். காற்றுப் புகாமல் அமுங்கும் ஈரக்குப்பை அழுகி மீத்தேன் வாயுவை விடும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது, தீயும் பிடிக்கும். ஈரக்குப்பை வீட்டிலேயே நின்றுவிட்டால், மீதி இருக்கும் காகிதமும் பிளாஸ்டிக்கும் நனையாமல், நாறாமல், விற்கும் பொருளாகவே இருக்கும்.

எனவே மக்கும் தொட்டி. நான்கு பேர் வீட்டில் நாளுக்கு ஒரு கிலோவைச் சுற்றி ஈரக்குப்பை வரும். பக்கவாட்டில் துளையிட்ட இரண்டு பெயிண்ட் வாளிகளோ, மூடியுள்ள மண் தொட்டிகளோ போதும். அடியில் தேங்காய்நார்த் தூள் ஒரு படுகை. அதன்மேல் அன்றன்றைய தோல், தண்டு, காபித்தூள் சக்கை, டீத்தூள். ஒவ்வொரு முறையும் அதே அளவு காய்ந்த சருகு போட்டு மூட வேண்டும், இந்த மூடுதலில்தான் எல்லாம் இருக்கிறது. சருகுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை; கலாக்ஷேத்ரா காலனித் தெருக்களில் காலையில் கூட்டிக் குவிப்பதில் ஒரு சாக்கு எடுத்தால் மாதம் ஓடும். புளித்த மோர் ஒரு தம்ளர் தெளித்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகும். வாரம் ஒருமுறை கிளற வேண்டும். ஒரு வாளி நிறைந்ததும் மூடிவைத்து அடுத்ததற்குப் போகலாம். ஒன்றரை இரண்டு மாதத்தில் முதல் வாளி, மழை பெய்த மண்போல மணக்கும் எருவாகியிருக்கும்.

தோற்பவர்கள் தோற்பது எப்போதும் ஒரே இரண்டு காரணங்களால். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், சருகு சேர்க்க வேண்டும். எறும்பு மொய்த்தால் வறண்டுவிட்டது, தண்ணீர் தெளிக்க வேண்டும். நடுவில் கொழுத்த புழுக்கள் தெரியும்; மாமியாரோ மருமகளோ அலறுவார்கள். அவை பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, நம்மைவிட வேகமாகக் குப்பையைத் தின்னும். தேங்காய் மட்டை, மாங்கொட்டை, எலும்பு ஆகியவற்றைத் தொட்டியில் போட்டால் அவை வருஷக்கணக்கில் அப்படியே முறைத்துக்கொண்டிருக்கும். அவற்றை மாநகராட்சி வண்டிக்கே கொடுத்துவிடலாம், தனியாக.

வண்டிக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்த கட்டாயம்: பச்சைக் கூடையில் மக்குவது, நீலத்தில் மக்காதது; நாப்கின், டயப்பர், பேட்டரி, காலாவதியான மருந்து ஆகியவை இவற்றோடு கலக்காமல் தனியாக. நாப்கினைப் பழைய செய்தித்தாளில் சுற்றி மேலே பேனாவால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால், குப்பை பிரிக்கும் பெண் அதை வெறுங்கையால் திறந்து பார்க்க வேண்டியிருக்காது.

ஆவின் பாக்கெட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூலையை முழுக்க வெட்டி எறிந்தால் அந்தத் துணுக்கு எந்தச் சல்லடையிலும் நிற்காது. கடைசியில் மழைநீர் வடிகாலில்தான் கிடக்கும். துணுக்கு பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி அரைகுறையாக வெட்ட வேண்டும். பாக்கெட்டை அலசிக் கவிழ்த்துக் காயவைத்தால் பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். பாத்திரக் கூடைக்குப் பக்கத்தில் பால் கவரைக் கவிழ்த்துவைக்கும் பழக்கம் பல வீட்டுப் பாட்டிகளுக்கு எந்த விதியும் வருமுன்பே உண்டு.

மஞ்சப்பையின் கல்யாணக் கதை

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. 2021 டிசம்பர் 23-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் கலைவாணர் அரங்கில் தொடங்கியது. பத்து ரூபாய் போட்டால் பை தரும் எந்திரம் கோயம்பேடு சந்தையில் வந்தது. இவ்வளவுக்கும் நடுவே திருவான்மியூர்ச் சந்தையில் கீரைக்கட்டு இன்னமும் மெல்லிய கவரில்தான் பெரும்பாலும் வீடு போய்ச் சேர்கிறது. குற்றம் கீரைக்காரம்மா மேல் மட்டும் இல்லை. கையை வீசிக்கொண்டு வருபவருக்கு அவர் வேறென்ன செய்ய முடியும்?

துணிப்பை விஷயத்தில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பத்தைப் பொறுத்தவரை ஒரு பருத்திப் பை அங்குள்ள கடைப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, அதை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும். வாரம் இரண்டு முறை என்றால் ஒன்றேகால் வருஷம். மாநாட்டுக்கு ஒன்று, கண்காட்சிக்கு ஒன்று என்று அலமாரியில் முப்பது துணிப்பை சேர்த்துவைத்திருப்பவர் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கவில்லை, பருத்தியை வீணாக்குகிறார். இரண்டு பை போதும். ஒன்று வண்டிப் பெட்டியில், ஒன்று வாசல் கொக்கியில்.

மஞ்சப்பை நெடுங்காலம் தெருவில் நடமாடியதன் காரணமும் இதுதான். அது தாம்பூலப் பையாக, மணமக்கள் பெயரோடு வீட்டுக்கு வரும். அதன்பின் அறுந்துபோகும்வரை ரேஷன் கடைக்கும் கிராமத்துப் பேருந்துக்கும் போய்வரும். கல்யாணம் வைத்திருப்பவர்களுக்குத் தாம்பூலப் பையைத் துணியில் தருவது எளிது. அதைவிடப் பெரிய லாபம் பந்தியில் இருக்கிறது. இலைக்கு ஒன்றாக வைக்கும் குட்டித் தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு மேல் குடிக்காமலே குப்பைக்குப் போகிறது. சமையல் ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே எவர்சில்வர் தம்ளரும் தண்ணீர் ஊற்ற இரண்டு ஆட்களும் கேட்டால் ஏற்பாடு செய்துவிடுவார். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் கேட்டால் செய்யமாட்டார்.

சாம்பாரையும் இட்லி மாவையும் தூக்குவாளியில் வாங்குவது ஒன்றும் புதுமையல்ல, விட்டுப்போன வழக்கம். கொட்டிவாக்கத்தில் தன்னார்வலர்கள் லாபநோக்கின்றித் தொடங்கிய ‘ரீஸ்டோர்’ இயற்கை விளைபொருள் கடை, அரிசி பருப்பை வீட்டிலிருந்து கொண்டுபோகும் டப்பாவில் வாங்கும் பழக்கத்தை இந்தப் பக்கத்து நடுத்தர வர்க்கத்துக்குத் திரும்பப் பழக்கியது.

மின்விசிறிதான் வில்லன்

சென்னை வீட்டில் ஏ.சி.யை எல்லோரும் திட்டுவார்கள். மின்விசிறியை யாரும் கவனிப்பதில்லை. பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம் சுற்றினால், விசிறிக்கு நாளொன்றுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மிச்சம். நான்கு விசிறியும் மாற்றினால் இரண்டு மாத பில்லில் 130 யூனிட் குறையும். முதல் 100 யூனிட் இலவசமாகவும், மேலே போகப்போகக் கட்டணம் ஏறுவதாகவும் இருக்கும் தமிழ்நாட்டு முறையில், குறைவது எப்போதும் விலை கூடிய மேல் யூனிட்டுகள்தான். இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. ஆண்டுக்கு 780 யூனிட் என்றால் அரை டன்னுக்கு மேல். மூங்கில் பல்துலக்கி இந்தக் கணக்கின் பக்கத்திலேயே வர முடியாது.

ஏ.சி.க்கு வருவோம். 2020 முதல் நட்சத்திரக் குறியுள்ள வீட்டு ஏ.சி.கள் எல்லாம் 24 டிகிரியில் ஆரம்பிக்கும்படி மத்திய எரிசக்தித் திறன் வாரியம் விதி செய்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது அதன் கணக்கு. 26-ல் வைத்து விசிறியைச் சுற்றவிட்டால் உடம்புக்குத் தெரிவது 24-தான். திருவான்மியூருக்கு இன்னொரு வசதி: மே மாதத்திலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று இறங்கிவிடும். கிழக்கு ஜன்னலையும் எதிர்ப்புற ஜன்னலையும் சேர்த்துத் திறந்தால் அறை குளிரும். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மேல்மாடி வீட்டுக்காரர்கள் மொட்டைமாடிக்கு வெள்ளை எதிரொளிப்புப் பூச்சு அடித்தால் இரவில் கூரை கக்கும் வெக்கை குறையும்.

சொந்த மாடி இருந்தால் சூரியத் தகடு. 2024-ல் வந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். உப்புக்காற்று அடிக்கும் ஊர் என்பதால் தாங்கும் சட்டம் அலுமினியத்திலோ நன்றாகத் துத்தநாகம் பூசிய இரும்பிலோ இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டும். இங்கே சாதாரண இரும்பு சீக்கிரமே துரு பிடித்துவிடும்.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. 2004 முதல் பறக்கும் ரயில் திருவான்மியூர் வரை வருகிறது. 2007-ல் வேளச்சேரி வரை நீண்டது. நிலையம் டைடல் பூங்காவை ஒட்டி இருப்பதால் கோயில் பக்கத்துக்காரர்களுக்கு எட்டவில்லை என்ற குறை நியாயமானது. ஷேர் ஆட்டோவோ சைக்கிளோ அந்த இடைவெளியை நிரப்பும். மாதவரத்திலிருந்து சிறுசேரி போகும் மெட்ரோ பாதையிலும் திருவான்மியூர் உண்டு. அந்த ரயில் ஓடத் தொடங்கும்வரை, கொத்தமல்லி வாங்க ஸ்கூட்டர் எடுப்பதை நிறுத்துவதே பெரிய காரியம்.

கடற்கரையை ஒட்டி

மீன் சாப்பிடும் வீடுகளுக்கு இந்த ஊர் கொடுத்துவைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருகும் காலம். குப்பத்து ஃபைபர் படகுகள் அப்போதும் அருகே போய்வரும். அந்த மாதங்களில் வெகுதூரத்திலிருந்து ஐஸில் வரும் வஞ்சிரத்துக்கு அடம்பிடிக்காமல், காலையில் குப்பத்துக் கரையில் அன்றைக்கு என்ன கிடைத்ததோ அதை வாங்குவது நல்லது. நெத்திலி, சங்கரா, காரப்பொடி எல்லாம் வஞ்சிரத்தைவிட மலிவு.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதே மணலுக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் ஆண்டுதோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுக்க நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரப்படுத்துகிறது. ஏறத்தாழ 45 நாளில் குஞ்சுகள் வெளிவரும். வந்ததும் வெளிச்சம் அதிகமுள்ள திசைக்கு ஓடும். விளக்கில்லாத காலத்தில் அது கடல்; இப்போது விளக்கெரியும் சீவார்டு சாலைப் பக்கம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கியதற்குச் சொல்லப்பட்ட முதல் காரணம் இழுவலை. அதைத் தடுக்க அரசு வேண்டும். விளக்கை அணைக்க வீட்டுக்காரர் போதும்.

கடலைப் பார்த்த வீடுகளில் இந்த மாதங்களில் பால்கனி விளக்கையும் மொட்டைமாடி ஃபோகஸ் விளக்கையும் இரவு பத்து மணிக்கு மேல் அணைத்துவைக்கலாம். காவலாளிக்கு வெளிச்சம் வேண்டும் என்றால், ஆள் நடந்தால் மட்டும் எரியும் சென்சாரோடு, மஞ்சள் நிற பல்பை நிலம் பார்க்கத் திருப்பிவைத்தால் சரியாகும். கரையில் ஆமையைப் பார்த்தால் டார்ச்சோ கேமரா ஃபிளாஷோ அடிக்காமல், பின்பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும். முன்னால் போனால் முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டைக் குழி கண்ணில் பட்டால் தோண்டாமல் வனத்துறைக்கோ ஆமை நடைக்காரர்களுக்கோ சொல்ல வேண்டும். வார இறுதி இரவுகளில் அவர்களோடு பொதுமக்களும் நடக்கலாம். ஏழு கிலோமீட்டருக்கு மணலில் நடை, தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப்போக வேண்டும், செருப்பைக் கையில் பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.